என்பிஏ 2கே ஆட்டத்தில் ஷாட் துல்லியம்: விரலை எடுக்கும் கணத்தைப் பழக்குவது எப்படி

அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவை வீட்டுத் திரையில் ஆடத் தரும் வீடியோ ஆட்டம் என்பிஏ 2கே. 1999இல் சேகா ட்ரீம்காஸ்ட் கருவிக்காக முதன்முதலில் வெளிவந்த அது, அதன்பின் ஆண்டுக்கொரு பதிப்பாகத் தொடர்ந்து வந்துகொண்டிருக்கிறது. ஆட்டக்காரர்களின் முகத்தில் வழியும் வியர்வை முதல் அரங்கின் ஆரவாரம் வரை எத்தனையோ மெருகேறியிருந்தாலும், தொலைவிலிருந்து பந்தை எறியும் முறையின் அடிப்படை பல பதிப்புகளாக ஒன்றுதான். பிளேஸ்டேஷனில் சதுரப் பட்டனையோ எக்ஸ்பாக்ஸில் எக்ஸ் பட்டனையோ அழுத்திப் பிடித்தால் திரையிலுள்ள ஆட்டக்காரர் பந்தை உயர்த்தி எழும்புவார்; உரிய கணத்தில் விரலை எடுத்தால், நேரத்தைக் காட்டியபடி நிரம்பும் மீட்டர் பச்சையாக ஒளிரும், பந்து கூடைக்குள் இறங்கும். அந்தக் கணத்துக்குச் சற்று முன்போ பின்போ விரலை எடுத்தால், ஆட்டக்காரரின் திறன் மதிப்பெண்ணும் எதிராளி எவ்வளவு நெருங்கி நிற்கிறார் என்பதும் சேர்ந்து பந்தின் கதியைத் தீர்மானிக்கும்.

புதிதாக ஆடுபவர்களில் பெரும்பாலோர், பந்து உள்ளே போகாததற்குத் தங்கள் விரலின் வேகக்குறைவே காரணம் என்று எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் இங்கே வேகத்துக்கு வேலையே இல்லை. கண்ணால் கண்டதற்கு விரல் எதிர்வினை காட்ட மனிதருக்கு ஏறத்தாழ கால் விநாடி ஆகிறது. ஆட்டமோ நொடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 தனிப்படங்கள், வீதம் ஓடுகிறது. ஒரு ஃபிரேமின் ஆயுள் 16.7 மில்லி விநாடி மட்டுமே. ஆகவே 'இதோ, சரியான கணம் வந்துவிட்டது' என்று கண்டபின் விரலை எடுக்க முயன்றால், அதற்குள் பத்துக்கு மேற்பட்ட ஃபிரேம்கள் கடந்து போயிருக்கும்; பச்சைக்கு உரிய இடைவெளியோ அதைவிட மிகக் குறுகியது. மீட்டர் நிரம்புவதைப் பார்த்து விடுகிறேன் என்று சொல்பவர்கள்கூட, அவர்கள் அறியாமலே, அது எப்போது நிரம்பும் என்பதை முன்கூட்டி ஊகித்துத்தான் விடுகிறார்கள். ஷாட் என்பது பார்த்து விடுவதன்று, எதிர்பார்த்து விடுவது. இதை ஏற்றுக்கொண்டால், துல்லியத்தைக் கூட்டுவது என்பது அந்தக் கணம் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் வந்து நிற்கும்படி செய்வதுதான் என்பது விளங்கும். கீழே சொல்பவை எல்லாம் அந்த ஒரு நோக்கத்துக்காகவே.

முதலில் திரையும் கன்ட்ரோலரும்

பயிற்சியைத் தொடங்குமுன் கருவிகளைச் சரிபார்க்க வேண்டும். இன்றைய டிவிகள் படத்தை அப்படியே காட்டுவதில்லை. அசைவை வழவழப்பாக்குவது, இரைச்சலை நீக்குவது, நிறத்தைத் தூக்கலாக்குவது என்று பலவகை மெருகேற்றங்களைச் செய்தபின்பே காட்டுகின்றன. திரைப்படம் பார்க்க அது நல்லதாக இருக்கலாம். விளையாட்டில், நீங்கள் பட்டனை அழுத்துவதற்கும் அது திரையில் தெரிவதற்கும் இடையே பல ஃபிரேம்கள் தாமதமாகும். டிவியின் அமைப்பில் கேம் மோட் என்றிருப்பதை இயக்கினால் இந்த மெருகேற்றங்களில் பெரும்பாலானவை நின்றுவிடும். எச்டிஎம்ஐ 2.1 வசதியுள்ள பல டிவிகள், கேம் கன்சோல் இணைக்கப்பட்டதும் தாமாகவே அந்த நிலைக்கு மாறிக்கொள்ளும். ஆனால் சில டிவிகளில் குறிப்பிட்ட ஒரு எச்டிஎம்ஐ துளைக்கு மட்டுமே அந்த வசதி இருப்பதால், எந்தத் துளையில் செருகியிருக்கிறீர்கள் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தாமதம் இருப்பதைவிட, தாமதம் மாறிக்கொண்டே இருப்பதே பெருந்தொல்லை. எப்போதும் ஒரே அளவில் வரும் சிறு தாமதத்துக்கு விரல் பழகிவிடும். இன்று வரவேற்பறை டிவியிலும் நாளை கணினித் திரையிலும் மறுநாள் நண்பர் வீட்டிலும் ஆடினால், எவ்வளவு பழகினாலும் நேரம் கைக்கு வராது. முடிந்தவரை ஒரே திரை, ஒரே கன்ட்ரோலர், ஒரே இணைப்பு முறை என்று வைத்துக்கொள்வது நல்லது. கணினியில் ஆடுபவர்கள் ஃபிரேம் எண்ணிக்கை ஏறி இறங்காதபடி காட்சித் தரத்தைச் சற்றுக் குறைத்துக்கொள்ளலாம். பார்வையாளர் கூட்டத்தின் அழகைவிட 60 ஃபிரேம் தளராமல் ஓடுவது முக்கியம்.

ஒரே ஜம்ப் ஷாட்

எழும்பி எறிவதே ஜம்ப் ஷாட். ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் எறியும் அசைவு வேறு. ஸ்டெஃபன் கறி பந்தைக் கையில் வாங்கிய மறுகணமே விட்டுவிடுவார். உயரமான நடு ஆட்டக்காரர் ஒருவர் பந்தை மெதுவாகத் தலைக்கு மேல் ஏற்றி, ஒரு நொடி நிறுத்தி, பிறகு விடுவதுபோல் இருக்கும். ஆட்டத்தில் இந்த வேறுபாடுகள் அப்படியே பதிவாகியிருக்கின்றன. ஆகவே ஐந்து பேரை வைத்து ஆடும்போது ஐந்து வெவ்வேறு நேரங்களை நினைவில் வைத்திருக்க வேண்டியிருக்கிறது, மாற்று ஆட்டக்காரர்களைச் சேர்த்தால் அதற்கும் மேல். இதனால்தான் ஒரு குறிப்பிட்ட அணியைத் தேர்ந்தெடுத்து நெடுநாள் ஆடுபவர்கள், நாளுக்கொரு அணியாக மாற்றிக்கொண்டிருப்பவர்களைவிடத் துல்லியமாக எறிகிறார்கள்.

மைகேரியர் பகுதியில் சொந்த ஆட்டக்காரரை உருவாக்குபவர்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு. அங்கே ஜம்ப் ஷாட்டை நீங்களே கோத்துக்கொள்ளலாம்: கால்களும் உடலும் எப்படி எழ வேண்டும் என்பதை நிர்ணயிக்கும் அடிப்படை அசைவு ஒன்று, கைகள் பந்தை எப்படி விட வேண்டும் என்பதற்கான ரிலீஸ் அசைவுகள் இரண்டு, அவ்விரண்டும் எந்த விகிதத்தில் கலக்க வேண்டும் என்ற அளவு, இவற்றோடு மொத்த வேகம். யூட்யூபில் 'இந்த ஆண்டின் சிறந்த ஜம்ப் ஷாட்' என்று வாரம் ஒன்று அறிவிக்கப்படும். அவற்றைத் துரத்திக்கொண்டு போக வேண்டாம் என்பதே என் கருத்து. வேறொருவருடைய கைக்குப் பொருந்திய அசைவு உங்கள் கைக்கும் பொருந்தும் என்பதற்கு உறுதி இல்லை. அதைவிட, வாரந்தோறும் மாற்றுவதால் ஏற்படும் நட்டம் எந்தச் சிறந்த அசைவும் தரும் ஆதாயத்தைவிடப் பெரியது.

தேர்ந்தெடுக்கும்போது கவனிக்க வேண்டியது வேகத்தை மட்டுமன்று. வேகமான அசைவு எதிராளி வந்து சேர்வதற்குள் பந்தை வெளியேற்றிவிடும் என்பது உண்மைதான். ஆனால் தொடக்கத்துக்கும் பந்தை விடுவதற்கும் இடையே உங்கள் மனம் பற்றிக்கொள்ள ஓர் அடையாளம் வேண்டும். பந்து நெற்றியருகே வந்து நிற்பது, முழங்கை மடங்கி நிமிரத் தொடங்குவது, பாதம் தரையை விட்டு எழுவது என எதுவாகவும் இருக்கலாம். அந்த அடையாளம் தெளிவாகத் தெரியும் அசைவு, சற்று மெதுவாக இருந்தாலும், தொடக்கநிலை ஆட்டக்காரருக்கு அதிகப் பயன் தரும். கறியை வைத்து ஆடத்தான் எல்லோரும் விரும்புகிறார்கள். கற்றுக்கொள்வதற்கு கிளே தாம்சனின் நிமிர்ந்த, ஒழுங்கான எறிதல் அதைவிட ஏற்றது என்பேன்.

என்பிஏ 2கே23 பதிப்பு இந்த அடையாளத்தையே ஓர் அமைப்பாக்கித் தந்தது. எழும்பும் கணம், பந்து நிலைகொள்ளும் கணம், கை பந்தைத் தள்ளத் தொடங்கும் கணம், பந்து விரல்நுனியை விட்டு நீங்கும் கணம் என நான்கில் எதை ஒட்டி உங்கள் நேரம் அமைய வேண்டும் என்பதை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். முன்னதாக வரும் அடையாளத்தைத் தேர்ந்தெடுத்தால் பட்டனை விரைவில் விட வேண்டியிருக்கும். கடைசியில் வருவதைத் தேர்ந்தெடுத்தால் காத்திருக்க வேண்டும். பந்து எப்போது கூடையை நோக்கிக் கிளம்புகிறது என்பது இதனால் மாறுவதில்லை, உங்கள் விரல் எப்போது எழ வேண்டும் என்பதே மாறுகிறது. இயல்பாகவே அவசரப்பட்டு விடுபவர்களுக்கு முன்னதாக வரும் அடையாளமும், நிதானமாகத் தாமதிப்பவர்களுக்குப் பின்னதாக வருவதும் பொருந்தும். பழகிய கையின் சுபாவத்தை மாற்றுவதைவிட அமைப்பை மாற்றுவது எளிது.

பின்னூட்டத்தைப் படிப்பது

ஒவ்வொரு ஷாட்டுக்குப் பின்னும் திரையில் இரண்டு செய்திகள் வருகின்றன. ஒன்று நேரத்தைப் பற்றியது: மிக முன்பு, சற்று முன்பு, மிகச் சரி, சற்றுப் பின்பு, மிகப் பின்பு. மற்றொன்று எதிராளியின் நெருக்கத்தைப் பற்றியது: முற்றிலும் திறந்த நிலையில் தொடங்கி, முழுக்க மூடப்பட்ட நிலை வரை பல படிகள். இந்தப் பின்னூட்டம் எல்லா ஷாட்களுக்கும் தோன்றும்படி அமைப்பில் வைத்துக்கொள்ளுங்கள். பந்து உள்ளே போனதா இல்லையா என்பதைவிட இந்த இரண்டு வரிகளே பயன் மிக்கவை. சற்று முன்பாக விட்ட பந்தும் சில வேளைகளில் உள்ளே போய்விடும். அதைக் கண்டு அதே நேரத்தைப் பழக்கமாக்கிக்கொள்பவர்கள் உண்டு.

இருபது முப்பது ஷாட்களின் பின்னூட்டத்தை ஒருசேர நோக்கினால் ஒரு வடிவம் தெரியவரும். தவறுகள் அனைத்தும் ஒரே பக்கமாக, அதாவது எல்லாமே சற்று முன்பு அல்லது எல்லாமே சற்றுப் பின்பு என்று விழுந்தால், உங்கள் கை சீராகத்தான் இயங்குகிறது. அளவுகோல் மட்டும் விலகியிருக்கிறது. எல்லாமே பின்பு என்றால் திரையின் தாமதத்தையும், மீட்டர் நிரம்புவதைப் பார்த்தபின் விடும் பழக்கத்தையும் சந்தேகிக்கலாம். அடையாளத்தை மாற்றுவதன் மூலம் இதை விரைவில் சரிசெய்துவிடலாம். தவறுகள் முன்னும் பின்னுமாகச் சிதறிக் கிடந்தால் அது வேறு நோய். பெரும்பாலும் அதற்குக் காரணம், நீங்கள் ஒரே ஷாட்டை எறியவில்லை என்பதுதான்: ஒரு முறை நின்றபடி, ஒரு முறை ஓடியபடி, ஒரு முறை பின்வாங்கியபடி எறிந்துவிட்டு எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தை எதிர்பார்க்கிறீர்கள். பயிற்சியில் சரியாகவும் ஆட்டத்தில் முன்பாகவும் விழுந்தால், எதிராளி பாய்ந்து வருவதைக் கண்டு விரல் பதறுகிறது என்று பொருள். அதற்கு மருந்து விரலில் இல்லை, ஷாட்டைத் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது.

பட்டனா, ஸ்டிக்கா?

வலது அனலாக் ஸ்டிக்கைக் கீழே இழுத்துப் பிடித்தும் ஷாட் எறியலாம். பட்டனைவிட ஸ்டிக் சிறந்தது என்றும், அதற்கு நேர்மாறாகவும் முடிவில்லாமல் வாதிடுகிறார்கள். பட்டனுக்கு ஒரே ஒரு அசைவுதான். ஆகவே தொடங்குபவருக்கு அதுவே எளிது. ஸ்டிக்கைப் பயன்படுத்துபவர்களுக்கு பந்தைத் தரையில் தட்டும் டிரிபிள் அசைவுகளிலிருந்து கட்டைவிரலை எடுக்காமலே ஷாட்டுக்குள் நுழைய முடியும் என்பது வசதி.

2024இல் வந்த 2கே25 பதிப்பு ஸ்டிக் பயன்படுத்துவோருக்கு ரிதம் ஷூட்டிங் என்ற முறையைக் கொண்டுவந்தது. ஸ்டிக்கைக் கீழே இழுத்து, பந்து கையை விட்டு நீங்கும் வேளையில் மேலே தள்ள வேண்டும். தள்ளும் கணம் மட்டுமன்றி, தள்ளும் வேகமும் ஆட்டக்காரரின் அசைவு வேகத்தோடு ஒத்துப்போக வேண்டும். கச்சேரியில் கையால் தாளம் போடுபவர், தாளச்சுற்று தொடங்கும் இடமான சமம் வந்தபின் தட்டுவதில்லை, சமத்தோடு சேர்ந்து தட்டுகிறார். இந்த முறைக்கு வேண்டியதும் அதே உணர்வுதான். வேகமான ரிலீஸ் உள்ளவருக்குச் சடாரென்றும், நிதானமான ரிலீஸ் உள்ளவருக்கு மெல்லவும் தள்ளிப் பழக வேண்டும். ஒரே ஆட்டக்காரரை வைத்து ஆடுபவர்கள் இதில் தேர்ச்சி பெற்றால் நல்ல பலன் உண்டு. பல ஆட்டக்காரர்களை மாற்றி ஆடுபவர்களுக்கு நேரமும் வேகமும் என இரண்டு பொருத்தங்களைத் தேடும் சுமை கூடுகிறது என்பதால், அவர்கள் பட்டனோடு நின்றுவிடுவதில் குறைவொன்றுமில்லை.

அதே பதிப்பில், நேரம் தவறினால் எவ்வளவு தண்டனை, சரியாக அமைந்தால் எவ்வளவு பரிசு என்பதையும் தேர்ந்தெடுக்கலாம். தண்டனையும் பரிசும் குறைந்த அமைப்பில் ஆடும்போது, பந்து போவதும் போகாததும் உங்கள் விரலைவிட ஆட்டக்காரரின் திறனையும் எதிராளியின் நெருக்கத்தையும் சார்ந்திருக்கும். அது தொடக்கத்துக்குப் பரவாயில்லை. ஆனால் நேரத்தைக் கற்றுக்கொள்ள விரும்புகிறவர் அதிலேயே தங்கிவிடக் கூடாது. தவறு வலிக்காத இடத்தில் விரல் எதையும் கற்பதில்லை.

மீட்டரை அணைத்துவிட வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. சில பதிப்புகளில் மீட்டரை அணைத்து ஆடுவோருக்குச் சிறு ஊக்கப் புள்ளியும் தரப்பட்டது. அது இருந்தாலும் இல்லாவிட்டாலும், மீட்டரை அணைப்பதன் உண்மையான நன்மை, கண் ஆட்டக்காரரின் உடலுக்குத் திரும்புகிறது என்பதே. மீட்டர் இருக்கும்வரை கண் அதிலேயே ஒட்டிக்கொள்ளும். எதிராளி எங்கே நிற்கிறார், சக ஆட்டக்காரர் யாராவது திறந்து நிற்கிறாரா என்பதெல்லாம் பார்வையிலிருந்து நழுவும். பயிற்சியில் மீட்டரோடு ஒரு சுற்று, மீட்டரின்றி ஒரு சுற்று என மாற்றி மாற்றி எறிந்து பாருங்கள். இரண்டிலும் பச்சை விழும் அளவு ஏறத்தாழ ஒன்றாகும்போது அதை நிரந்தரமாக அணைத்துவிடலாம்.

கால் நின்றால்தான் கை நிற்கும்

2016 டிசம்பர் 5 அன்று இண்டியானா பேசர்ஸ் அணிக்கு எதிரான ஆட்டத்தில் கிளே தாம்சன் 29 நிமிடங்களில் 60 புள்ளிகள் எடுத்தார். அந்த ஆட்டத்தில் அவர் பந்தைத் தரையில் தட்டியது 11 முறை மட்டுமே. பந்து அவர் கையில் இருந்த மொத்த நேரம் ஏறத்தாழ 90 விநாடிகள். எதிராளியை மறித்து நிற்கும் சக ஆட்டக்காரர்களை (இப்படி மறிப்பதே 'திரை' போடுவது) சுற்றி ஓடி, இடம் கிடைத்ததும் காலூன்றி, பந்தை வாங்கிய வேகத்திலேயே எறிந்ததன் விளைவு அது. வீடியோ ஆட்டத்தை ஆடுபவர்களில் பலர் இதற்கு நேர்மாறாக, இருபது முறை பந்தைத் தட்டி, காலிடுக்கில் விட்டு, முதுகுக்குப் பின் மாற்றி, எதிராளியை ஏமாற்றிவிட்ட மகிழ்ச்சியில் பின்வாங்கி எறிகிறார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அந்த ஒவ்வோர் அசைவும் ஷாட்டின் தொடக்க நிலையை மாற்றிவிடுவதால், விடும் கணமும் மாறிவிடுகிறது.

நின்றபடி எறிவதற்கு நீங்கள் செய்ய வேண்டியவை எளியவை. பாஸ் வந்துகொண்டிருக்கும்போதே இடது ஸ்டிக்கிலிருந்து விரலை எடுத்துவிடுங்கள்; ஸ்டிக் எந்தப் பக்கமாவது சாய்ந்திருந்தால் ஆட்டக்காரர் அந்தப் பக்கமாகத் தாவியோ நகர்ந்தோ எறிவார், அது உங்களுக்குப் பழக்கமான அசைவாக இருக்காது. வேகமாக ஓடுவதற்கான (பிளேஸ்டேஷனில்) ஆர்2 பட்டனையும் அதற்கு முன்பே விட்டுவிட வேண்டும். பந்து கைக்கு வருவதற்குச் சற்று முன்பே ஷாட் பட்டனை அழுத்தி வைத்தால், வாங்கிய உடனே எறியும் அசைவு தொடங்கும். அதன் நேரம், பந்தை வைத்துக்கொண்டு நின்று எறிவதன் நேரத்திலிருந்து வேறுபட்டது என்பதால் தனியாகப் பயில வேண்டும். இந்த ஒன்றை மட்டும் நன்றாகக் கற்றுக்கொண்டாலே தொலைவிலிருந்து எறிந்து மூன்று புள்ளி பெறும் ஷாட்களில் சராசரி ஆட்டக்காரரின் வெற்றி விழுக்காடு கண்கூடாக உயரும்.

பந்தைத் தட்டிக்கொண்டு வந்து எறிவதை முற்றிலும் தவிர்க்க முடியாது. எல்1 பட்டனை அழுத்திப் பிடித்துச் சக ஆட்டக்காரரைத் திரை போட அழைத்து, அவர் தோளை ஒட்டிக் கடந்து, எதிராளி சிக்கிக்கொண்ட அரை நொடியில் எறிவது தொழில்முறை ஆட்டத்திலும் வீடியோ ஆட்டத்திலும் முதன்மையான ஆயுதம். அங்கேயும் ஒரே ஒரு வழியைத் தேர்ந்துகொள்ளுங்கள்: வலப்பக்கமாக வந்து, ஓட்டத்தை நிறுத்தி, எறிவது என்றால் அதையே பழகுங்கள். பின்வாங்கி எறியும் ஸ்டெப் பேக்கில் ஒன்றையும், ஒற்றைக் காலில் சாய்ந்து எறிவதில் வேண்டுமானால் ஒன்றையும் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். டர்க் நோவிட்ஸ்கியின் ஒற்றைக்கால் எறிதலை எல்லோரும் ஒருமுறையாவது முயன்று பார்க்கத்தான் செய்வார்கள். அதில் தவறில்லை, அதுவே அன்றாட உணவாகிவிடாமல் இருந்தால் சரி.

எங்கிருந்து எறிவது

என்பிஏ மைதானத்தில் மூன்று புள்ளிக் கோடு கூடையிலிருந்து 23 அடி 9 அங்குலத் தொலைவில் வளைந்து செல்கிறது. இரு மூலைகளில் மட்டும் அது நேர்க்கோடாகி 22 அடிக்குக் குறைகிறது. ஒன்றே முக்கால் அடி அருகில் நின்று அதே மூன்று புள்ளியைப் பெறலாம் என்பதோடு, எதிராளி ஒரு பக்கத்திலிருந்து மட்டுமே வர முடியும் என்பதாலும் மூலை ஷாட் மதிப்புடையது. ஆனால் அங்கே கோட்டுக்கும் மைதான எல்லைக்கும் இடையே உள்ள அகலம் 3 அடிதான். பாஸை வாங்கும் அவசரத்தில் ஸ்டிக்கை அசைத்தால் கால் வெளியே போய்விடும், பந்து எதிரணிக்குப் போகும். மூலையில் நிற்பவருக்குப் பந்து வரும்போது இடது ஸ்டிக்கை அறவே தொடாதீர்கள்.

எதிராளியின் நெருக்கம் என்பது தொலைவை மட்டும் பொறுத்ததன்று. அவர் முகத்துக்கு நேரே கையை உயர்த்தியிருக்கிறாரா, பக்கவாட்டிலிருந்து வருகிறாரா, உங்கள் ஆட்டக்காரரைவிட எவ்வளவு உயரம் என்பவையும் கணக்கில் சேரும். நெருக்கம் கூடக்கூடப் பச்சைக்குரிய இடைவெளி சுருங்குகிறது. மிக நெருங்கிய நிலையில் விரல் எவ்வளவு தேர்ந்ததாக இருந்தாலும் பந்து போவது அரிது. ஆகவே திரையில் நெருக்கம் என்று தோன்றிய ஷாட்களை நேரத் தவறுகளோடு சேர்த்துக் கணக்கிட்டு மனம் தளர வேண்டியதில்லை. அவை எறிந்திருக்கவே கூடாதவை. உண்மையான என்பிஏ ஆட்டங்களில் மூன்று புள்ளி முயற்சிகளில் சராசரியாக நூற்றுக்கு 36 அளவிலேயே கூடையில் விழுகின்றன என்பதையும் நினைவில் கொள்ளலாம்.

களைப்பும் இதே கணக்கில் சேரும். ஆர்2 பட்டனை விடாமல் பிடித்தபடி மைதானம் முழுக்க ஓடுபவர்களின் ஆட்டக்காரர், ஷாட் வரும்போது ஆற்றல் வற்றிப்போய் நிற்பார்; பச்சை இடைவெளி குறுகியிருக்கும். பந்து கையில் இல்லாதபோது ஓடுவதைக் குறைத்தாலே போதும். 2கே23 முதல், ஒரு தாக்குதலில் வெடிப்பான அசைவுகளுக்கென்று மூன்று ஊக்கத் துண்டுகள் மட்டுமே தரப்படுகின்றன. அவற்றைத் தீர்த்துவிட்டால் ஆட்டக்காரர் தளர்ந்துவிடுவார். ஆக, அளவுக்கு மீறிப் பந்தைத் தட்டுவதை ஆட்டத்தை உருவாக்கியவர்களே விரும்பவில்லை என்று தெரிகிறது.

மதிப்பெண்களும் பேட்ஜுகளும்

விரல் எவ்வளவு பழகினாலும் மூன்று புள்ளி மதிப்பெண் குறைந்த ஆட்டக்காரரை வைத்து வெளியிலிருந்து எறிவது வீண். மதிப்பெண் உயர உயரப் பச்சை இடைவெளி விரிகிறது, சற்றுத் தவறிய ஷாட்களும் உள்ளே போகும் வாய்ப்புக் கூடுகிறது. சொந்த ஆட்டக்காரரை உருவாக்கும்போது உயரத்தை அதிகமாக்கினால் எறியும் திறனின் உச்சவரம்பு குறையும் என்பதையும், நல்ல ஜம்ப் ஷாட் அசைவுகள் சிலவற்றுக்குக் குறைந்தபட்ச மதிப்பெண் வேண்டும் என்பதையும் முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். பின்னால் மாற்ற முடியாது. ஆட்டக்காரருக்குத் தனித்திறன் தரும் பேட்ஜுகளில் டெட்ஐ, எதிராளி நெருங்கியதால் வரும் பாதிப்பைக் குறைக்கும். லிமிட்லெஸ் ரேஞ்ச், கோட்டுக்கு வெகு பின்னாலிருந்து எறியும் தொலைவைக் கூட்டும். திறந்த நிலையில் எறிவதையே முதன்மையாகக் கொண்டவருக்கு இவை இரண்டாம்பட்சம்தான்.

பயிற்சி

தனியாக எறிந்து பழகும் ஃப்ரீஸ்டைல் பகுதியில், ஒரே இடத்தில் நின்று நூறு பந்துகளை வரிசையாக எறிவது பலரின் பழக்கம். முதல் பத்துக்குப் பிறகு விரல் தானாக இயங்கும், பச்சை தொடர்ந்து விழும், திருப்தியாக இருக்கும். ஆட்டத்துக்குப் போனதும் அது கரைந்துவிடும். ஆட்டத்தில் ஒரே ஷாட் அடுத்தடுத்து வருவதில்லை என்பதே காரணம். ஒரு ஷாட்டுக்கும் மறு ஷாட்டுக்கும் இடையே தடுப்பாட்டம், ஓட்டம், பாஸ் என்று ஒரு நிமிடத்துக்கு மேலும் கடந்துபோகும். அந்த இடைவெளிக்குப் பின் முதல் முயற்சியிலேயே நேரத்தை நினைவுகூர வேண்டும். ஆகவே அசைவைப் புதிதாகக் கற்கும்போது மட்டும் ஒரே இடத்தில் எறியுங்கள். ஐந்து பச்சை தொடர்ந்து விழுந்ததும் இடத்தை மாற்றுங்கள், பிறகு மூலை, பக்கம், நடு என்று ஒவ்வொரு எறிதலுக்கும் நகர்ந்துகொண்டே இருங்கள், இடையிடையே பந்தைத் தட்டி ஓடி கூடைக்கருகே சென்று இடும் லே அப் ஒன்றைப் போட்டுவிட்டுத் திரும்பி வாருங்கள். பச்சை விழும் விகிதம் குறையும், கற்பது கூடும்.

கணினி அணியோடு ஆடும்போது கடினநிலையை மிகவும் தாழ்த்தி வைத்தால் பச்சை இடைவெளி தாராளமாக இருக்கும்; அங்கே பழகிய விரல் மேல்நிலையில் தடுமாறும். நடுத்தர நிலையில் தொடங்கி, திறந்த ஷாட்களில் பாதிக்கு மேல் பச்சையானதும் ஒரு படி ஏறுவது நல்ல வரிசை.

இணையத்தில் பிறரோடு ஆடுவது தனிக்கதை. உங்கள் கட்டளை சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம் திரைத் தாமதத்தோடு சேர்ந்துகொள்வதால், வீட்டுக்குள் தனியாகப் பழகிய நேரம் அங்கே அப்படியே பொருந்தாது. வைஃபையை நம்பாமல் ஈதர்நெட் கம்பியால் இணைத்தால் தாமதம் குறைவதைவிட முக்கியமாக, ஏற்ற இறக்கம் அடங்கும். அதே வேளையில் வீட்டில் வேறு யாராவது பெரிய கோப்பைப் பதிவிறக்கிக்கொண்டிருந்தால் இணைப்புத் திணறும், சொல்லிவைத்து ஆடுங்கள். இணைய ஆட்டத்தின் தொடக்கத்தில், நெருக்கடியில்லாத முதல் இரண்டு மூன்று ஷாட்களின் பின்னூட்டத்தைப் பார்த்து, அன்றைய தாமதத்துக்கு ஏற்ப விரலை இழுத்துப் பிடிப்பதோ முன்கூட்டி விடுவதோ தேவையா என்று கணித்துக்கொள்ளலாம்.

எதிரணி தவறிழைத்தால் தடையின்றி எறியக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோ மட்டும் இவற்றிலிருந்து விலகி நிற்கிறது. 15 அடித் தொலைவு, தடுக்க யாருமில்லை, ஓட்டமில்லை, அசைவு எப்போதும் ஒன்றே. ஆகவே விரலின் பழக்கத்தை இங்கேதான் தூய வடிவில் பார்க்க முடியும். ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் தனித்தனி ஃப்ரீ த்ரோ அசைவு உண்டு என்பதால், உங்கள் அணியில் அதிகம் தவறிழைக்கப்படுபவர் யாரோ அவருடையதை முதலில் பழகுங்கள். பெரும்பாலும் அவர் கூடைக்கருகே ஆடும் உயரமானவராக இருப்பார், மதிப்பெண்ணும் குறைவாகவே இருக்கும். தம் வாழ்நாளில் ஃப்ரீ த்ரோக்களில் ஏறத்தாழப் பாதியைத் தவறவிட்ட ஷகீல் ஓ'நீல் போன்றவரை வைத்து ஆடினால் நிலைமை விளங்கும்.

கடைசியாக, புதுப்பிப்புகளைப் பற்றி. வெளியான பிறகும் ஷாட் நேரத்தை நிறுவனம் திருத்துவதுண்டு. 2020இல் வந்த 2கே21 பதிப்பில் ஸ்டிக்கால் குறிவைத்து எறியும் புதுமுறை மிகக் கடினமாக இருப்பதாக ஆடியவர்கள் குறை சொல்ல, வெளியான சில நாட்களிலேயே அதைத் தளர்த்த வேண்டியதாயிற்று. ஆகவே நேற்றுவரை விழுந்த பச்சை இன்று திடீரென்று நின்றுபோனால், ஜம்ப் ஷாட்டையும் அடையாளத்தையும் அமைப்புகளையும் ஒரே நேரத்தில் கலைத்துப்போடாதீர்கள். ஃப்ரீஸ்டைலுக்குச் சென்று பழைய அசைவிலேயே இருபது பந்துகளை நின்றபடி எறிந்து, தவறுகள் எந்தப் பக்கம் விழுகின்றன என்று முதலில் பாருங்கள். எல்லாம் ஒரே பக்கமென்றால் அடையாளத்தை ஒரு படி நகர்த்தினால் போதும்.